கீழே தள்ளினால் ஆன்

இது எனக்குக் காது வழியாக வந்த கதை. மேட்டுப்பாளையத்தில் நான் குடியிருக்கும் மாடியறைக்குக் கீழ்வீட்டு மரகதம் அக்கா சொன்னது. அவருக்கு அவர் கணவர் நாச்சிமுத்து சொன்னது. அதுவும் ஒரே மூச்சில் இல்லை. மூன்று நான்கு தடவையாக, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் தொடங்கிச் சொல்லியிருக்கிறார். நாச்சிமுத்து முப்பது வருஷமாகக் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். அன்று மத்தியானம் அவர் மனதுக்குள் ஓடியதை அக்கா சொன்ன அளவுக்கு எழுதுகிறேன். அக்கா சொல்லாத இடங்களில் நானாக ஊகித்திருக்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

"செல்ஃப் அடிங்க அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த பெனினா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. அவர் கழற்றிய பிளக்கைக் குறடால் பிடித்து எஞ்சின் இரும்போடு ஒட்டிவைத்து அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலமாக ஒரு பொறி தாவ வேண்டும். தாவவில்லை. போதுங்க என்று கையைக் காட்டினார். கரண்ட் வரவில்லை. தொழிலில் பொறிக்கும் கரண்ட் என்றுதான் பெயர், ஒயரில் ஓடுவதற்கும் கரண்ட் என்றுதான் பெயர், இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பது சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் தெரிந்திருக்கும், இப்போது ஒயரில் கரண்ட் வருகிறதா என்ற கேள்விக்குப் போகாமல் பொறி ஏன் இல்லை என்ற கேள்வியிலேயே கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கோத்தகிரியில் பெனினாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, மணி இரண்டுதான் ஆகிறது, அதற்குள் பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. அறுபத்தெட்டாம் வருஷத்து வண்டி, துணிக்கூரை, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்து மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது பெனினாவின் அப்பா, பல் டாக்டர் ஐசக் வாங்கியது. ஐசக் டாக்டர் இப்போது இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், மலைப்பாதை வளைவில் இந்த வண்டி ஓரமாக நின்றிருந்தது, மறுநாள் காலை டாக்டரைக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம், நாற்பதடி கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள், சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. வண்டி நின்றுபோயிருக்கும், உதவிக்கு ஆள் தேடி மழையில் இறங்கி நடந்திருப்பார், தவறி விழுந்திருப்பார் என்று போலீஸ் எழுதியது. வண்டி ஏன் நின்றது என்று யாரும் எழுதவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் இந்த வண்டிக்கு முழு ஒயரிங்கும் மாற்றியவர் நாச்சிமுத்து. ஏழு மாதமாக ராத்திரி கண்ணை மூடினால் ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்ப்பார், இதை முறுக்கினேனா, இதற்குக் கிளிப் போட்டேனா, மரகதம் பக்கத்தில் புரண்டு, தூங்குங்க என்பாள். பொறி வரவில்லை என்றால் என் கைவேலை. பொறி வந்துவிட்டால் வண்டியில் ஒன்றுமில்லை என்று ஆகிறது, ஒன்றுமில்லாத வண்டியை ஒரு மனுஷன் எதற்கு அந்த வளைவில் நிறுத்தினான். இதில் எது வந்தால் நல்லது என்று காலையில் பஸ் ஏறியதிலிருந்து அவருக்குத் தெரியவில்லை. அந்த வளைவு வந்தபோது அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார், ஆனாலும் சுவரில் புதுசாகச் சுண்ணாம்பு அடித்த இடம் கண்ணில் பட்டுவிட்டது.

முதலில் பாயிண்டைப் பார்ப்போம், எந்த வண்டியானாலும் முதலில் பாயிண்டைத்தான் பார்க்க வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாகச் செய்யும். பாயிண்ட் இருப்பது பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், அதன் கறுப்பு மூடியைக் கழற்றினார். உள்ளே வேர்த்திருந்த தடம், பச்சை பூத்திருந்தது. ஏழு மாதம் கொட்டகையில் கிடந்தால் பூக்காமல் என்ன செய்யும். மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது உள்பக்கம் ஒரு பித்தளைக் காலிலிருந்து இன்னொரு பித்தளைக் காலுக்கு மயிரிழை மாதிரி கறுப்பாக ஒரு கோடு, ஈரம் ஏறினால் பொறி பிளக்குக்குப் போகாமல் இதன் வழியே ஓடிவிடும். பிளேடு நுனியால் சுரண்டினார். பெட்ரோல் துணியால் துடைத்தார். பாயிண்டை உப்புத்தாள் மடித்துத் தேய்த்தார், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தால் இந்நேரம் எத்தனை பேச்சுப் பேசியிருப்பார். பல்லுல கரண்ட் அடிச்சா நீ என்கிட்ட வா நாச்சி, கார்ல கரண்ட் அடிக்கலைன்னா நான் உன்கிட்ட வர்றேன். முதல்தடவை வந்தபோது சொன்னது, கடைசித் தடவையும் சொன்னார், ஆனால் கடைசித் தடவை சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் அவர் சம்சாரம் தவறிப்போயிருந்தார். அந்த அம்மா போனபிறகு டாக்டர் சும்மா சும்மா மலையிறங்கி வருவார், ஹாரன் கம்மியாக் கேக்குது, லைட்டு மங்கலா எரியுது என்று, ஒன்றும் இருக்காது, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். ஒயரிங் மாற்றச் சொன்னதும் அப்படித்தான். டாக்டருங்க, பழசே இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமுங்க என்றதற்கு, மாத்திடு, பெனினா வந்தா ஓட்டணுமில்ல என்றார். பெனினா வந்தா. அந்த வார்த்தையை அன்று எத்தனை சாதாரணமாகக் காதில் வாங்கிக்கொண்டு குறடைக் கையில் எடுத்தோம். சாகப் போகிறவன் ஒயரிங் மாற்றுவானா, மாற்ற மாட்டான். இல்லை, மாற்றுவான், எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, மின் கட்டணம் கட்டிவிட்டு, பால்காரனுக்குச் சொல்லிவிட்டு. "அண்ணா, அன்னிக்கு சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அப்பா எனக்கு போன் பண்ணினாரு" என்றாள் பெனினா, கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து, திடீரென்று, அவர் கேட்காமலே. ஒசூரில் வேலை, மீட்டிங்கில் இருந்தாளாம், அப்புறம் பேசலாம் என்று அமுக்கிவிட்டாளாம், ஏழரைக்குத் திரும்ப அடித்தபோது எடுக்கவில்லையாம். வீட்டை விற்கப் போகிறாள், காரையும் விற்கப் போகிறாள், அதற்கு முன்னால் இது ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டுமாம். "வண்டி நின்னிருந்தா, நின்னுபோச்சுன்னு சொல்லக் கூப்பிட்டிருப்பாரு. நிக்கலைன்னா…" அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் பாயிண்டைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. ஊரில் பேசிக்கொள்வது இவள் காதுக்கும் போயிருக்கிறது. கல்லறையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தானாகச் செத்தவர்களுக்குச் சர்ச் தோட்டத்தில் இடமில்லை, டாக்டரை அங்கே அடக்கம் பண்ண விட்டதே போலீஸ் எழுதிய அந்த ஒரு வரியால்தான் என்று மட்டும் கேள்வி.

மூடியை மாட்டி, பிளக்கைப் பிடித்து, மறுபடி அடிக்கச் சொன்னார். எஞ்சின் சுற்றியது, பொறி இல்லை. சரி, அடுத்தது டெஸ்ட் லேம்ப். சின்ன பல்பு, ஒரு பக்கம் கிளிப், ஒரு பக்கம் ஊசி. கிளிப்பை பாடியில் கவ்வவிட்டு ஃபியூஸில் ஊசியை வைத்தார், எரிந்தது. குனிந்து, பெனினாவின் கையைத் தாண்டி, சாவிக்குப் பின்னால் வரும் ஒயரில் வைத்தார், எரிந்தது. எஞ்சின் பக்கம் வந்து, பொறிக்குக் கரண்டைப் பெருக்கித் தரும் காயிலில் வைத்தார். எரியவில்லை. ஊசியைத் துடைத்து மறுபடி வைத்தார். எரியவில்லை. சாவிவரை கரண்ட் இருக்கிறது, காயிலுக்கு வரவில்லை. சாவிக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரே ஒயர், மஞ்சள் ஒயர், அவரே வாங்கி, அவரே இழுத்தது. ஆக நான்தான், ஏழு மாதமாக நினைத்தது சரிதான், நான்தான். இதை நினைத்தபோது பயத்தோடு சேர்ந்து ஒரு லேசான ஆறுதலும் வந்ததை அவர் பிற்பாடு மரகதத்திடம் மட்டும் ஒப்புக்கொண்டார். அந்த ஆறுதல் இரண்டு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை. அந்த மஞ்சள் ஒயரில் நடுவே இன்னொன்று இருக்கிறது. அவர் அதை மறந்திருந்தார் என்று சொல்ல முடியாது, அந்தப் பக்கமே நினைப்பைப் போகவிடாமல் இருந்திருக்கிறார், பஸ்ஸில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்ட மாதிரி. பழைய வண்டிக்கெல்லாம் ஒரு கள்ள சுவிட்ச் வைப்பது வழக்கம். பழைய பூட்டு எந்தச் சாவிக்கும் திறக்கும் என்பதால் டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சுவிட்ச். அதை ஆஃப் பண்ணினால் காயிலுக்குக் கரண்ட் போகாது, திருடன் மணிக்கணக்கில் செல்ஃப் அடித்தாலும் வண்டி எடுக்காது. டாக்டர் முதல்தடவை வந்தபோதே, மேட்டுப்பாளையத்தில் எல்லாரும் வைக்கிற இடத்தில்தான் அவரும் வைத்தார், ஸ்டியரிங் தண்டுக்கு வலது பக்கம், ஒரு ஜாண் உள்ளே. வீட்டு சுவிட்ச் மாதிரியே வெச்சிருக்கேனுங்க டாக்டருங்க, கீழ தள்ளுனா ஆன், மேல தள்ளுனா ஆஃப், கொழப்பமே வராது. டாக்டருக்கு அது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. இது தெரிஞ்சவன் உலகத்துல ரெண்டே பேரு, நீயும் நானும், வண்டி காணாமப் போச்சுன்னா நேரா உன் வீட்டுக்குத்தான் போலீசோட வருவேன். ஆனால் கடைக்குப் போனாலோ கோயிலுக்குப் போனாலோ அவர் அதைத் தொடமாட்டார், சோம்பேறித்தனம், குனியணுமேடா என்பார். ராத்திரி கொட்டகையில் விடும்போது மட்டும், இனி இன்றைக்கு எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தபிறகு மட்டும், கையை அடியில் விட்டு மேலே தட்டிவிட்டு வண்டியிடம் சொல்வார், வேலையாக இங்கே வந்த ஒரு ராத்திரி நாச்சிமுத்து நேரில் கேட்டிருக்கிறார், சொல்லி அவர் இறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறார். தூங்கு, உன் வேலை முடிஞ்சுது.

என்னண்ணா என்றாள் பெனினா. ஒண்ணுமில்லீங்க என்றார். ஃபியூஸில் மறுபடி ஊசியை வைத்தார், எரிந்தது, எரியும் என்று தெரிந்துதான் வைத்தார். ஒயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், ஏழு மாதம் கொட்டகையில் கிடந்த வண்டி, எலி கடிக்காத ஒயர் எது. எலி கடித்திருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார், எந்தச் சாமியிடம் என்றில்லை, பொதுவாக. சரி, சுவிட்ச் ஆஃபிலேயே இருக்கட்டும், அதற்கு என்ன இப்போது. வண்டி வழியில் நின்றுவிட்டது, இறங்கும்போது திருட்டுப் போகக்கூடாதென்று தட்டிவிட்டு இறங்கியிருப்பார். எடுக்காத வண்டியை எவன் திருடுவான். எடுக்காத வண்டிக்கு எதற்குப் பூட்டு, குனிவதற்கே சோம்பல்படுகிற மனுஷன், கொட்டுகிற மழையில். வேண்டாம், இப்படிப் பார்ப்போம், முழங்கால் பட்டிருக்கும், ஓட்டும்போது முழங்கால் பட்டு மேலே போயிருக்கும், அதனால்தான் வண்டியே நின்றிருக்கும். அப்படியானால் அந்த இடத்தில் சுவிட்ச் வைத்தவன் யார். இல்லை, ஒரு ஜாண் உள்ளே, முழங்கால் எட்டாது, எட்டக்கூடாது என்றுதான் ஒரு ஜாண், இதோ இந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், முழங்காலுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம். சுவிட்ச் கீழேயே இருக்கலாமே. இன்னும் பார்க்கவே இல்லையே. பார்க்காதவரை அது மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. இப்படியே பெட்டியை மூடிக்கொண்டு, காயில் போச்சுங்க அம்மிணி, இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டு மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் என்ன. இவள் வேறு ஒருவனைக் கூப்பிடுவாள். அவன் நேராக அடியில் கையை விடுவான். கண்டுபிடித்த குஷியில் சொல்லுவான், ஏனுங்க்கா, ஒண்ணுமே இல்ல, சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு, யாரோ வேணும்னே ஆஃப் பண்ணிருக்காங்க. வேணும்னே. அந்த வார்த்தையை அவன் ஒரு சொடக்குப் போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போய்விடுவான், இவள் இந்தத் தகரக் கொட்டகையில் தனியாக அதை வைத்துக்கொண்டு நிற்பாள், ஆறே முக்கால் மணியோடு. பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது, சிவப்பு பானெட் மேல் பொடிப்பொடியாக வேர்த்தது, எஞ்சினுக்குள்ளிருந்து பழைய பெட்ரோல் வாசனையும் ஈரத்துணி வாசனையும். டாக்டர் அன்றைக்கு எந்தக் கையால் தட்டியிருப்பார், வலது கைதான், இடது கையில் போன் இருந்திருக்கும், மகள் பாதியில் அமுக்கிவிட்ட போன்.

குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமாங்க அம்மிணி என்று கேட்டார். அவள் இறங்கி வீட்டுப் பக்கம் போனாள். சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அவர் டிரைவர் சீட்டருகே மண்டியிட்டு, தலையைக் குனியாமல், எதிரே சுவரில் தொங்கிய பழைய காலண்டரைப் பார்த்தபடி வலது கையை அடியில் விட்டார். தண்டு, தகரவிளிம்பு, ஒயர்க்கற்றை, ஒயர் முழுசாக இருந்தது, எலி எதுவும் கடிக்கவில்லை, விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. சில்லென்று ஒரு முனை. மேலே இருந்தது. அவர் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். கடைசியாக இதைத் தொட்டது டாக்டரின் விரல். தூங்கு என்று சொல்லியிருப்பாரா, சொல்லியிருப்பார், அந்தச் சொல் இல்லாமல் அவர் இதைத் தொட்டதே இல்லை. ஏனுங்க டாக்டருங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, டீ குடிச்சீங்களே, ஸ்டூல்ல உக்காந்து அத்தனை நேரம் டீ குடிச்சீங்களே. உலகத்தில் இரண்டே பேர் என்றார், இப்போது ஒரே ஆள். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அவர் விரலைக் கீழே தள்ளினார். டக்கென்ற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. எழுந்து எஞ்சின் பக்கம் வந்து, காயிலின் மஞ்சள் ஒயர் முனையைப் பிடுங்கி, குறடால் நசுக்கி, மறுபடி செருகிக்கொண்டிருந்தார், அவள் டம்ளரை நீட்டியபோது. அதை அவள் பார்க்க வேண்டும் என்றே மெதுவாகச் செய்தார். பிளக்கைப் பூட்டினார். இப்ப அடிங்க பார்க்கலாம். எஞ்சின் இரண்டு தடவை சுற்றி, தும்மி, பிடித்துக்கொண்டது. நீலப்புகை பனியோடு கலந்தது. ஏழு மாதம் வாயை மூடியிருந்த வண்டி கொட்டகைத் தகரமெல்லாம் அதிர உறுமிற்று. பெனினா முகத்தை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே அணைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"என்னதாண்ணா ஃபால்ட்டு?"

"காயில் ஒயருங்க அம்மிணி. லூசா இருந்துச்சு. வளைவுல குலுங்கினதுல விட்டிருக்கும்."

"அப்ப நிஜமாவே வண்டி நின்னிருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்காரு."

"அதுக்குத்தானுங்க."

அவள் மூச்சை விட்டாள். அப்படி ஒரு மூச்சை, பிரசவ வார்டு வாசலில் நின்றபோது ஒருதடவை மட்டும் கேட்டதாக அவர் மரகதத்திடம் சொல்லியிருக்கிறார். அது முடியட்டும், முடிந்ததும் யார் போட்ட ஒயர் என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும், காத்திருந்தார். அவள் குனிந்து அந்த மஞ்சள் ஒயரைப் பார்த்தாள். புது ஒயர். பக்கத்திலிருந்த எல்லாமே புது ஒயர்.

"இது நீங்க போட்டதுதானே."

"ஆமாங்க. என் கைவேலைதான்."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று அவர் நினைத்திருந்தார், கத்தினால் அதற்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தயாராக இருந்தார். டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள், அவர் குடித்து முடித்திருக்கவில்லை. "நீங்க கிளம்புங்கண்ணா" என்றாள். "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க." அவர் பெட்டியை மூடினார். டெஸ்ட் லேம்ப் காயில் பக்கத்திலேயே கவ்விக்கொண்டு கிடந்தது வாசல் தாண்டியபிறகுதான் ஞாபகம் வந்தது, திரும்பப் போகவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறேன், சரியாகத்தான், ஏழு மாதம் பயந்தது நான், கடைசியில் நான்தான் என்று ஆகிவிட்டது, அது பொய்யாக இருந்தால் என்ன, என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டே நடந்தார். மூன்றரை பஸ்ஸில் இடதுபக்க ஜன்னல்தான் கிடைத்தது. அந்த வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியபோது இந்தமுறை சுண்ணாம்பு அடித்த இடத்தை முழுசாகப் பார்த்தார், சுவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, இடுப்பு உயரச் சுவரில் எப்படித் தவறி விழுவது என்று ஒரு கேள்வி வந்தது, அதையும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் யார் வண்டிக்கும் கள்ள சுவிட்ச் வைப்பதில்லை என்றார் அக்கா. காயில் ஒயர் போட்டால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாராம், பொய்யாகச் சொன்ன தப்பு நிஜமாகவே நடந்துவிட்ட மாதிரி.

இதைக் கேட்ட பிறகு, டாக்டரைக் கண்டெடுத்த காலையில் அந்த வண்டியை வளைவிலிருந்து தூக்கிவந்தவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். பெயர் ஜமால், மேட்டுப்பாளையத்தில்தான் மீட்பு வண்டி ஓட்டுகிறார். நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். போலீஸ் சாவியைக் கொடுத்து, ஓட்டிக்கொண்டு போக முடியுமா பார் என்றார்களாம். "செல்ஃபு நல்லா சுத்துச்சு, கரண்ட் மட்டும் வரல. ராவெல்லாம் மழை, எஞ்சினெல்லாம் தண்ணி. பழைய வண்டின்னா அடியில ஒரு கள்ள சுவிட்ச் இருக்குமே, எல்லா மெக்கானிக்கும் ஒரே எடத்துலதான் வெப்பானுங்க, கையை விட்டேன், இருந்துச்சு. மேல தட்டி அடிச்சேன், கீழ தட்டி அடிச்சேன், ரெண்டுக்கும் எடுக்கல. சங்கிலி போட்டு ஏத்திட்டேன்." கடைசியில் எந்தப் பக்கம் விட்டீர்கள் என்று கேட்டேன். அதை யாரு பாத்தா என்றார். அப்படியானால் கடைசியாக அதைத் தொட்டது டாக்டரின் விரல் இல்லை. கீழே தள்ளியபோதும் எடுக்கவில்லையா என்று இன்னொரு முறை கேட்டேன். எடுக்கவில்லை என்றார்.